காவல்துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஒரு சொல் தேடிய மடல்கள்

பொருள்: போலீஸ் அக்கவுண்டபிலிட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சியாட்டிலில் எங்கள் வட்டத்து நகர்மன்ற உறுப்பினர் அவ்வப்போது ஒரு மடல் அனுப்புவார். அதில் பாதி, ஊர்ப் பாதுகாப்பும் போலீஸும்தான். பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் சிலர் "இதுல என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்கப்போய், அந்தப் பகுதியை மட்டும் தமிழில் எழுதி அச்சடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். மூன்று மடலாக ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அக்கவுண்டபிலிட்டி.

முதல் தடவை 'பொறுப்புணர்வு' என்று போட்டேன். இங்கே போலீஸார் மீது வரும் புகார்களை விசாரிக்கவென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் பெயரிலேயே இந்தச் சொல் உண்டு. 'காவல் பொறுப்புணர்வு அலுவலகம்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கேட்டார்: "உணர்வுக்கெல்லாமா ஆபீஸ் வைப்பாங்க?" அடுத்த தடவை 'பொறுப்புடைமை' என்று மாற்றினேன். அவர் விடவில்லை. "பொறுப்பு அவங்ககிட்டதானே இருக்கு? அப்புறம் என்ன பிரச்சினை?"

யோசித்தால் அவர் சொல்வது சரி. உணர்வும் உடைமையும் போலீஸாரிடம் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு குணத்தைச் சொல்கின்றன. மடலில் வரும் சொல் அதுவல்ல. ஒருவர் இன்னொருவர் முன்னால் நின்று 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், பதில் சரியில்லை என்றால் அதன் விளைவை ஏற்க வேண்டும். ஆக, இரண்டு ஆட்கள் வேண்டும். நம் சொல்லில் ஓர் ஆள்தான் இருக்கிறார்.

'பொறுப்பு' என்ற சொல்லின் மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதன் வேர் 'பொறு'. சுமத்தல் என்றும் பொருள், பொறுத்துக்கொள்ளுதல் என்றும் பொருள். பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாட்டுக்குப் பொறுமையை வேராகக் கொண்ட சொல்லா? முந்தைய தலைமுறைகளின் தமிழில் இதற்குப் புழங்கிய 'ஜவாப்தாரி', 'உத்தரவாதம்' இரண்டிலும் பதில் என்ற பொருள் உள்ளே இருந்தது. முதலாவது வழக்கொழிந்துவிட்டது. இரண்டாவது மிக்சிக்கும் கிரைண்டருக்கும் போய்விட்டது.

அதனால் என் முன்மொழிவு: விடைக்கடன். விடை சொல்ல வேண்டிய கடமை. 'காவல் விடைக்கடன் அலுவலகம்'. என்ன நினைக்கிறீர்கள்?

சியாட்டிலிலிருந்து,
அன்புடன்.

*

மறு: போலீஸ் அக்கவுண்டபிலிட்டி

ஐயா, விடை என்றால் காளை. விடைக்கடன் என்றதும் கூட்டுறவுச் சங்கத்தில் மாடு வாங்கக் கொடுக்கும் கடன் என்று நினைத்துவிட்டேன். மன்னிக்கவும், சீரியஸான இழை என்று தெரியும். கை சும்மா இருக்கவில்லை.

*

மறு: போலீஸ் அக்கவுண்டபிலிட்டி

தம்பி,

நீங்கள் தேடுகிற சொல் இலங்கையில் எங்களிடம் கனகாலமாக இருக்கிறது. பொறுப்புக்கூறல். 2009இல் போர் முடிந்த பிறகு ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடும் காலமெல்லாம் எங்கள் பத்திரிகைகளில் இந்தச் சொல் இல்லாத பக்கம் இராது. அகராதிக்காரர் மட்டும் அறிந்த சொல் அல்ல இது. காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற தாய்க்கும் விளங்குகிற சொல்.

இரண்டு ஆட்கள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். 'அரசு மக்களுக்குப் பொறுப்புக்கூற வேண்டும்' என்ற வசனத்தைப் பாருங்கள். யார் என்பதும் வந்துவிட்டது, யாருக்கு என்பதும் வந்துவிட்டது. 'பொறுப்புடைமை'யை வைத்து அப்படி ஒரு வசனம் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். நான்காம் வேற்றுமையை ஏற்காத சொல் இந்த வேலைக்கு உதவாது என்பதுதான் என் எண்ணம்.

தமிழ்நாட்டில் பழக்கமில்லை என்பதற்காகப் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டுமா? நாங்களும் தமிழில்தானே எழுதுகிறோம். (பொலிஸ் என்பதா போலீஸ் என்பதா என்ற சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.)

*

மறு: போலீஸ் அக்கவுண்டபிலிட்டி

இரண்டு பேருக்கும் வணக்கம். நான் வரலாற்றுப் பக்கம் இருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். (பொறுத்துக்கொள்வது இந்த இழையில் தடை என்றால் வெளியேறிவிடுகிறேன்.)

ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது கணக்கு. நமக்கும் அது புதிதல்ல. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுப் பராந்தகன் காலக் கல்வெட்டு குடவோலைக்குத் தகுதியற்றவர்களைச் சொல்லும்போது, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களின் நெருங்கிய உறவினர்களையும் ஒதுக்குகிறது. கிறித்தவத் தமிழில் 'கணக்கொப்புவித்தல்' இன்றும் உயிரோடு இருக்கிறது.

காவலுக்கே வருவோம். பழைய ஊர்க்காவல் முறையில் காவல்காரருக்கு ஊரார் நெல்லோ பணமோ கொடுத்தார்கள். களவு போனால் அவர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். காவல் என்றாலே அது அடங்கிய சொல்தான். எங்கள் பக்கத்தில் இன்றும் ஒரு பொருள் காணாமல் போனால் 'இதுக்கு யார் வகை சொல்றது?' என்றுதான் கேட்போம். வகை சொல்லுதல். சொல்ல வேண்டியதும் இருக்கிறது, கொடுக்க வேண்டியதும் இருக்கிறது. எனவே என் ஓட்டு 'வகைசொல்லல்' அல்லது 'கணக்கொப்புவிப்பு'.

*

மறு: போலீஸ் அக்கவுண்டபிலிட்டி

அக்காவுக்கும் வரலாற்று நண்பருக்கும் நன்றி. மாட்டுக்கடன்காரருக்கும்தான். விடைக்கடனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த நகைச்சுவையைப் படித்த பிறகு அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் கொம்பு தெரிகிறது.

கணக்கு பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. 2023 ஜனவரியில் இந்த ஊரில் ஆந்திரத்திலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி சாலையைக் கடக்கும்போது போலீஸ் வண்டி மோதி இறந்துபோனார். மணிக்கு 25 மைல் எல்லையுள்ள சாலையில் அந்த வண்டி 74 மைல் வரை போயிருக்கிறது. அதன்பின் போலீஸ் சங்கத்தின் துணைத் தலைவர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே பேசியது அவர் உடம்பில் இருந்த கேமராவிலேயே பதிவாகியிருந்தது. ஒரு காசோலை எழுதிவிடலாம், 11,000 டாலர், அவளுக்கு மதிப்பு அவ்வளவுதான் என்ற பேச்சு. சில மாதங்கள் கழித்து அது வெளியானபோது, இங்குள்ள நம் ஊர்ப் பெற்றோர்கள் எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை. அப்படிப் பேசியவரை வேலையிலிருந்து நீக்க 2024 ஜூலை ஆயிற்று. வண்டி ஓட்டியவர் நீக்கப்பட்டது 2025 ஜனவரியில். குற்ற வழக்கு இல்லை.

இதைப் படித்த பெரியவர்களிடம் போய் 'காவல் கணக்கொப்புவிப்பு' என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. கணக்கு என்றால் அவர்கள் காதில் அந்த 11,000தான் விழும். சொல்லின் மீது குற்றமில்லை, ஊரில் நடந்ததன் குற்றம்.

ஈடு செய்வதிலும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. 2010 ஆகஸ்டில், கையில் மரக்கட்டையும் செதுக்கும் கத்தியுமாகச் சாலையைக் கடந்த ஒரு பழங்குடி மரச்சிற்பியை ஒரு காவலர் சில நொடிகளில் சுட்டுக் கொன்றார். சிற்பிக்கு ஒரு காது கேட்காது. துறையின் ஆய்வுக்குழுவே அந்தச் சூடு நியாயமற்றது என்றது. அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டவில்லை. காவலர் வேலையை விட்டுப் போனார். குடும்பத்துக்குக் கொடுத்த 15 லட்சம் டாலர் நகரத்திலிருந்து வந்தது. பழைய ஊர்க்காவல்காரர் தன் கையிலிருந்து கொடுத்தார் என்றீர்கள். இங்கே கொடுத்தது ஊர். களவு கொடுத்தவரே ஈடும் கட்டுகிற மாதிரி.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் நடுவண் அரசின் நீதி அமைச்சகம் வந்து விசாரித்தது. 2012இல் போலீஸைச் சீர்திருத்த நகரம் அதனோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்து, அது நீதிமன்ற ஆணையாகவும் ஆயிற்று. அது முடிவுக்கு வந்தது 2025 செப்டம்பரில். பதின்மூன்று ஆண்டுகள்! நடுவில் 2017இல் நகர்மன்றம் ஒரு சட்டம் இயற்றி மூன்று அமைப்புகளை நிலைநிறுத்தியது: புகாரை விசாரிக்க ஒன்று, துறை முழுவதையும் தணிக்கை செய்ய ஒன்று, ஊராரைக் கொண்ட ஆணையம் ஒன்று. மறு ஆண்டே போலீஸ் சங்கத்தோடு போட்ட வேலை ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் சில பகுதிகளை வலுவிழக்கச் செய்தது. 2019இல் அந்த ஆணையைக் கவனித்துவந்த நீதிபதி அதைச் சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று. அப்போது எல்லோர் வாயிலும் இருந்த கதை, விலங்கிட்ட பெண்ணை வண்டிக்குள் வைத்துக் குத்திய காவலருடையது. குத்தியது 2014இல், வேலைநீக்கம் 2016இல், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் ஒருவர் அவரைத் திரும்ப எடுக்கச் சொன்னது 2018இல். மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவரின் தீர்ப்பைத் தள்ளியது 2021இல்.

இவ்வளவையும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், அந்தக் காவலர் பதில் சொல்லாமலே இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. விசாரணையில் சொன்னார், நடுவர் முன்னால் சொன்னார். 'கூறல்' மட்டும் போதும் என்றால் 2014லேயே கதை முடிந்திருக்கும். அக்கா, உங்கள் சொல்லில் எனக்குள்ள ஒரே உறுத்தல் இதுதான். அதில் 'கூறு' தான் ஓங்கி நிற்கிறது.

இன்னும் இரண்டு சிக்கல்கள். ஒன்று சின்னது. 'சமூகப் பாதுகாப்பு' என்று தலைப்பிட்டதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் ஓய்வூதியச் செய்தி என்று நினைத்து ஆவலோடு வந்தார்கள். அதனால் 'ஊர்ப் பாதுகாப்பு' என்று மாற்றிவிட்டேன். மனநலச் சிக்கலில் இருப்பவரைப் பற்றி 911க்கு அழைத்தால் ஆயுதம் இல்லாத உதவியாளர்களை அனுப்ப நகரம் 2023இல் ஒரு தனித்துறை தொடங்கியதே, அதுவும் இந்தத் தலைப்புக்குள் பொருந்திக்கொள்கிறது.

மற்றொன்று தலைவலி. போலீஸ்மீது ஊரார் வைக்கும் கண்ணுக்கு 'கண்காணிப்பு' என்று எழுதினேன். 2024 அக்டோபரில் தெருக்களில் கேமரா வைக்க நகர்மன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதுவும் 'கண்காணிப்பு'. ஒரே பக்கத்தில் நாம் அவர்களைக் கண்காணிக்கிறோம், அவர்கள் நம்மைக் கண்காணிக்கிறார்கள். தலைமையாசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*

மறு: போலீஸ் அக்கவுண்டபிலிட்டி

தம்பி,

கேமராவுக்குக் கண்காணிப்பை விட்டுவிடுங்கள். அது அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி உரித்தெடுக்க ஏலாது. மற்றதற்கு 'மேற்பார்வை' என்றால் மேலதிகாரி செய்வது போலத் தொனிக்கும். 'குடிமக்கள் மேலாய்வு' என்று போடலாம். தணிக்கையும் அதற்குள் வரும், ஆணையமும் வரும்.

'கூறல்' பற்றி நீங்கள் எழுதியது உண்மைதான். நாங்களும் இத்தனை ஆண்டுகளாகக் கூறலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஆனால் அதை ஒரு சொல்லால் தீர்க்கலாம் என்று நினைக்கிறீர்களா? ஆங்கிலச் சொல்லில் மட்டும் தண்டனை எங்கே இருக்கிறது?

வரலாற்று நண்பர் சொன்ன 'வகை சொல்' எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. பெயர்ச்சொல்லாக்கினால் வகைச்சொல் என்று படித்துவிட்டு இலக்கணம் என்று நினைப்பார்கள். வினையாக விட்டால் அழகு.

*

மறு: போலீஸ் அக்கவுண்டபிலிட்டி

சரி, சரணடைகிறேன். அலுவலகத்தின் பெயரிலும் சட்டத்தின் பெயரிலும் 'காவல் பொறுப்புக்கூறல்'. உள்ளே வாக்கியங்களில் 'வகை சொல்ல வேண்டும்'. இந்த முறை அச்சடிக்கும் மடலின் முதல் பத்தி இப்படி வந்திருக்கிறது:

'ஒரு காவலர் உங்களிடம் முறைதவறி நடந்தால் காவல் பொறுப்புக்கூறல் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நடந்ததற்கு அவர் வகை சொல்ல வேண்டும். விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது குடிமக்கள் மேலாய்வின் வேலை.'

தலைமையாசிரியரிடம் காட்டினேன். 'யாருக்கு வகை சொல்ல வேண்டும்' என்பதைக் காணோம் என்றார். 'உங்களுக்கும் ஊருக்கும்' என்று சேர்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. விசாரணை முடிவில் புகார் சரிதான் என்றால் 'சஸ்டெயின்ட்' என்று எழுதுகிறார்கள். 'நிரூபிக்கப்பட்டது' என்று போடட்டுமா? நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும்.

*

மறு: போலீஸ் அக்கவுண்டபிலிட்டி

போடாதீர்கள். நிரூபிக்கப்பட்டது என்றால் வாசிப்பவர் குற்ற வழக்குத் தீர்ப்பென்று எண்ணுவார், அந்தக் காவலர் சிறைக்குப் போய்விட்டார் என்றும் எண்ணுவார். இங்கே அந்த அளவுக்குச் சான்று தேவையில்லை, தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. 'புகார் நிலைத்தது' என்று போடுங்கள். நிலைக்காதபோது 'நிலைக்கவில்லை'. அது பொய் என்று ஆகிவிடாமலும் இருக்கும்.