ஃபெயிலோவர்: ‘கைமாற்று’ வேண்டாம், ‘பொறுப்பேற்பு’ சரியா?

காரைக்குடியிலிருந்து

வணக்கம். நம் கணினிச் சொற்பட்டியலில் ‘ஃபெயிலோவர்’ (ஒரு கணினி விழுந்தால் இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்வது) என்பதற்கு நேரே ‘தோல்வி மாற்றம்’, ‘கைமாற்று’ என இரண்டு சொற்கள் நிற்கின்றன. இரண்டையும் எடுத்துவிடலாம் என்கிறேன். முதலாவது, தோல்வியே வேறொன்றாக மாறியதைப்போல ஒலிக்கிறது. இரண்டாவது நம் பக்கத்தில் கடன். ‘ஐயாயிரம் கைமாத்தா வாங்கினேன்’ என்று தினம் புழங்கும் சொல்லை வழங்கிக்கு (சர்வருக்கு) கொடுத்தால், திருப்பித் தரவேண்டும் என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கணினிகளைக் கண்காணிக்கும் மென்பொருளான ஜாபிக்ஸின் கொத்தில் (சேர்ந்து இயங்கும் வழங்கிகளின் குழுவில்) அப்படித் திரும்புவதில்லை. விழுந்த கணு, அதாவது கொத்தில் உள்ள ஒரு வழங்கி, எழுந்து வந்தாலும் காத்திருப்புக் கணுவாகத்தான் சேரும்.

என் முன்மொழிவு ‘பொறுப்பேற்பு’. வேலையை ஏற்கக் காத்திருக்கும் ‘ஸ்டாண்ட்பை’ கணுவுக்கு ‘அடுத்தாள்’. பர்மா, மலாயாக் கடைகளில் மேலாளுக்கு அடுத்து இருந்தவரை நம்மவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். ‘காத்திருப்பு’ என்றால் வரிசையில் நிற்பது நினைவுக்கு வருகிறது. அடுத்தாளோ வரிசையில் நிற்பவர் இல்லை, கடைக்குள்ளேயே இருப்பவர். இதே ஒழுங்கில், வேலை செய்துகொண்டிருக்கும் ‘ஆக்டிவ்’ கணுவை ‘மேலாள்’ எனலாம்.

தேவகோட்டையிலிருந்து

அண்ணே, ‘அடுத்தாள்’ அருமையான சொல், அதை விடவேண்டாம். ‘மேலாள்’ மட்டும் இடிக்கிறது. கொத்தைப் பார்த்துக்கொள்ளும் செயலியின் பெயரே ‘ஹெச்ஏ மேனேஜர்’. அதை ‘மேலாளர்’ என்று எழுதினால் ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு பொருள் திரையில் நிற்கும். ‘நடப்புக் கணு’ போதும். நடப்புக் கணக்கு தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

‘பொறுப்பேற்பு’ பற்றி ஒரு திருத்தம். பொறுப்பு போகும் வழி இரண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பராமரிப்பவர் குழம்புவார்.

ஜாபிக்ஸ் 6.0 (2022) முதல் கொத்து வசதி உள்ளேயே வருகிறது. கணுக்கள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் 5 நொடிக்கு ஒருமுறை, இயங்குகிறோம் என்று காட்டும் தம் துடிப்பைப் பதிகின்றன. நடப்புக் கணுவை நாமே முறையாக நிறுத்தினால், ‘நிறுத்தப்பட்டேன்’ என்று எழுதிவிட்டுத்தான் அது போகும். அடுத்தாள் அதைப் படித்து சுமார் 5 நொடிக்குள் வேலையைத் தொடங்கும். இது ஒப்படைப்பு: கணக்கை முடித்து ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) காட்டி, பேரேட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவதைப் போன்றது.

மின்சாரம் போய் விழுந்த கணு எதையும் எழுதிவைக்காது. அடுத்தாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். அந்தப் பொறுக்கும் நேரம் இயல்பாக 1 நிமிடம். 10 நொடி முதல் 15 நிமிடம் வரை மாற்றலாம். அதற்குமேல் ஒரு துடிப்பு நேரமும் சேர, ஏறத்தாழ 1 நிமிடம் 5 நொடி ஆகும். கொடுப்பவர் இல்லாமலே எடுத்துக்கொள்வது இது. இதற்குத்தான் ‘பொறுப்பேற்பு’ பொருந்தும். முன்னதற்கு ‘ஒப்படைப்பு’ என்று தனியே வைப்போம்.

ஏற்றபின் எங்கே கெடுகிறது என்பதையும் கையேட்டில் இதே சொற்களால் எழுதவேண்டும். பெரும்பாலும், கண்காணிக்கப்படும் கணினியில் ஓடித் தரவு தரும் ஏஜெண்டின் அமைவுக் கோப்பில்தான். ‘சர்வர்’ என்ற வரியில் எல்லாக் கணுக்களின் முகவரியும் காற்புள்ளியிட்டு இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் எழுதிவைத்தால், பொறுப்பேற்ற கணு கேள்வி கேட்கும்போது ஏஜெண்டு ‘உன்னை எனக்குத் தெரியாது’ என்று மறுத்துவிடும். எல்லா வழங்கியும் விழுந்துவிட்டதுபோல எச்சரிக்கைகள் கொட்டும். உண்மையில் ஒன்றும் விழுந்திருக்காது. அடுத்து, ஏஜெண்டு தானே தரவு அனுப்பவேண்டிய இடத்தைச் சொல்லும் ‘சர்வர்ஆக்டிவ்’ வரி: அங்கே ஒரே கொத்தின் கணுக்களை அரைப்புள்ளியால் பிரிக்கவேண்டும். காற்புள்ளி போட்டால் ஏஜெண்டு அவற்றைத் தனித்தனி வழங்கிகளாக எடுத்துக்கொள்ளும். அடுத்தாள் கணுவில் தரவு வாங்கும் செயலி ஓடுவதே இல்லை, ஆகவே பதிவுக்கோப்பு முழுக்க இணைப்புப் பிழை நிரம்பும். வலைமுகப்பின் அமைவில் வழங்கி முகவரியை எழுதாமல் விடவேண்டும். விட்டால் அது தரவுத்தளத்தைப் பார்த்து நடப்புக் கணு எதுவெனத் தானே அறிந்துகொள்ளும். எழுதிவிட்டால் பழைய கணுவையே தேடிக்கொண்டிருக்கும்.

பள்ளத்தூரிலிருந்து

ஆச்சி, பிரிவு சரி. ஆனால் ‘ஏற்பு’ ஒரு ஆபத்தை மறைக்கிறது. விழுந்ததாக நினைத்த கணு உண்மையில் விழாமல், வலை மட்டும் அறுந்திருந்தால்? இரண்டு கணுவும் தானே நடப்பு என்று இயங்கும். இதற்கும் சொல் வேண்டும். ஆங்கிலத்தின் ‘ஸ்ப்ளிட் பிரெய்ன்’ என்பதைப் ‘பிளவு மூளை’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ‘இரட்டை நடப்பு’ என்றால் என்ன கோளாறு என்பது சொல்லிலேயே தெரிகிறது.

ஜாபிக்ஸில் இதற்குக் காப்பு உண்டு. நடப்புக் கணு தரவுத்தளத்தோடு தொடர்பு இழந்தால், பொறுக்கும் நேரத்துக்கு 5 நொடி முன்னதாகவே, அதாவது இயல்பு அமைவில் 55-ஆவது நொடியில், தன் வேலையை நிறுத்தி அடுத்தாளாகிவிடும். இதைத் ‘தானே விலகல்’ என்போம். பேஸ்மேக்கர் என்ற வேறொரு கொத்து மென்பொருளில் மற்றக் கணு மின்சாரத்தைத் துண்டித்தே அதை வெளியே தள்ளும். அது ‘விலக்கல்’. ஆங்கிலத்தின் ‘ஃபென்சிங்’ என்பதை ‘வேலியிடல்’ என்று எழுதினால் தோட்டம்தான் நினைவுக்கு வரும்.

பேரேடு ஒன்று என்பதால், தரவுத்தளமே விழுந்தால் எத்தனை அடுத்தாள் இருந்தும் பயனில்லை. அதற்குத் தனிக் கொத்து வேண்டும், அங்கேதான் ‘கோரம்’, அதாவது கொத்து இயங்கத் தேவையான குறைந்தபட்சக் கணு எண்ணிக்கை, வரும். சங்கக் கூட்டத்தில் ‘கோரம் இல்லை’ என்று ஒத்திவைப்பது பழக்கம்தான், ஆனாலும் தமிழில் கோரம் என்றால் கொடூரம் என்றல்லவா பொருள்? ‘பெரும்பான்மை’ போதும். 3 கணுவில் 2, 5-இல் 3. 4 கணு வைத்தால் 3 வேண்டும். ஆக, 3 கணுக் கொத்தைப்போலவே ஒன்றின் இழப்பைத்தான் தாங்கும், நான்காவதற்குச் செலவழித்தது வீண். 2 கணுவில் ஒன்று விழுந்தால் மிச்சம் இருப்பதற்குப் பெரும்பான்மை இல்லை, அதுவும் நின்றுவிடும். கணுவின் வாக்கை, குடும்பங்களை எண்ணும் நம் வழக்கப்படி ‘புள்ளி’ என்று சொல்ல ஆசைதான். வரைபடத்தில் தரவுப்புள்ளி இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து

ஏற்கிறேன். பொறுப்பு பழைய கணுவுக்கே திரும்பும் ‘ஃபெயில்பேக்’ ஒன்றுதான் பாக்கி. ஒரே முகவரியைக் கணுக்களிடையே மாற்றித்தரும் கீப்அலைவ்ட் மென்பொருளில் முன்னுரிமை கூடிய கணு எழுந்தவுடன் கேட்காமலே பொறுப்பைப் பிடுங்கிக்கொள்வது இயல்பு அமைவு. அந்தக் கணு எழுந்து விழுந்து எழுந்தால் முகவரியும் கூடவே ஊசலாடும். அதை நிறுத்த ‘நோப்ரீஎம்ப்ட்’ அமைவையும், தொடக்க நிலையாக ‘பேக்கப்’ என்பதையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். ஆகவே தானாக நடந்தால் ‘மீட்டெடுப்பு’ என்று நினைத்திருந்தேன். ஆனால் காப்புநகலிலிருந்து தரவை மீட்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. ‘மீளேற்பு’ என்று பதிகிறேன்.

நிலைப் பட்டியலுக்கு இப்போதைக்கு: நடப்பு, அடுத்தாள், நிறுத்தப்பட்டது, தொடர்பில் இல்லை. எச்சரிக்கை வரி இப்படி: ‘கணு 1-இன் துடிப்பு 60 நொடியாக இல்லை. கணு 2 பொறுப்பேற்றது.’ ஆச்சி, இதில் ‘துடிப்பு’ சரிதானா, ‘இதயத்துடிப்பு’ என்று முழுதாக வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.