பார்க்கிங் கட்டண வழக்கு: பதில் போட வேண்டிய 14 நாள் தாண்டிவிட்டது (இங்கிலாந்து)

கேள்வி:
தனியார் கார் பார்க்கில் நேரம் கடந்து நின்றதாக வழக்கு. கோர்ட் வழக்கைப் பதிந்து அனுப்பிய தேதி (இஷ்யூ தேதி) ஜூன் 10. கட்டணம் 100 பவுண்டு, வசூல் செலவு என்று 70, கோர்ட் ஃபீஸ் 35, வக்கீல் செலவு 50. இன்று ஜூலை 1, இன்னும் பதில் போடவில்லை. இனி வழி உண்டா?

பதில் 1:
உண்டு, ஆனால் இன்றே செய்யுங்கள். இஷ்யூ ஆன 5ஆம் நாளில், அதாவது ஜூன் 15இல், பேப்பர் கைக்கு வந்ததாகக் கணக்கு. அங்கிருந்து 14 நாள் என்றால் ஜூன் 29. இரண்டு நாள்தான் பிந்தியிருக்கிறது. கெடு முடிந்ததும் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு தானாக விழாது, வழக்குப் போட்ட பார்க்கிங் கம்பெனி கேட்க வேண்டும். பேப்பரில் உள்ள பாஸ்வேர்டை வைத்து மணி கிளெய்ம் ஆன்லைன் என்ற கோர்ட் இணையதளத்துக்குள் போய்ப் பாருங்கள். தீர்ப்பு பதிவாகவில்லை என்றால், வழக்குப் பேப்பர் கிடைத்தது என்று சொல்லும் ஒப்புகையைப் போட்டுவிடுங்கள். 'முழுத் தொகையையும் எதிர்க்கிறேன்' என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். நீதிமன்ற அதிகார வரம்பு பற்றிய கட்டத்தைத் தொட வேண்டாம். பதிலுரைப் பெட்டியை (ஏன் எதிர்க்கிறீர்கள் என்று எழுதும் இடம்) வெறுமையாக விடுங்கள்; அவசரத்தில் ஒரு வரி தட்டி அனுப்பினாலும் அதுவே உங்கள் பதிலுரை ஆகிவிடும்.

பதில் 2:
ஒப்புகை பதிவானால் பதிலுரைக்குக் கெடு ஜூலை 13. பிந்திய ஒப்புகை என்பதால் அதுவரை காத்திருக்காதீர்கள். 2022 ஏப்ரலில் மாறிய விதிப்படி, தீர்ப்பு பதிவாகும் முன் பதிலுரை போய்ச் சேர்ந்துவிட்டால், பிந்தியிருந்தாலும், பதில் வரவில்லை என்று தீர்ப்பு வாங்க முடியாது.

'கட்டணம் அநியாயம்' என்பதை மட்டும் வைத்து எழுதாதீர்கள். 2015இல் பீவிஸ் என்பவரின் பார்க்கிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்றது. கேமரா வைத்த இடமென்றால் 2012ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டத்தின் (Protection of Freedoms Act) 4ஆம் அட்டவணையைப் பாருங்கள்: நிறுத்திய மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் வராவிட்டால், வண்டி உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதற்காக மட்டும் உங்களிடம் கேட்க முடியாது. அந்தச் சட்டப்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரிடம் கேட்கக்கூடியது நோட்டீஸில் உள்ள தொகைதான். வசூல் செலவு என்று போட்ட அந்த 70ஐத் தனியாக மறுத்து எழுதுங்கள்.

கேட்டவர்:
தீர்ப்பு இன்னும் இல்லை, ஒப்புகை போட்டாயிற்று. ஓட்டியவர் பெயரைச் சொல்ல வேண்டுமா?

பதில் 2:
சொல்லும் கட்டாயம் இந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் பதிலுரையின் அடியில் 'உண்மை' என்று கையெழுத்திடுகிறீர்கள். நீங்கள் ஓட்டியிருந்தால் 'ஓட்டவில்லை' என்று எழுதவே கூடாது.

பதில் 3:
இதே நிலையில் தீர்ப்பு விழுந்துவிட்டவர்களுக்கு: ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் கோர்ட் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து நீக்குவார்கள், இல்லையேல் 6 வருஷம் கிடக்கும். தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்க என்244 (N244) என்ற கோர்ட் படிவம். ஜெயிக்க உண்மையான வாய்ப்பு இருப்பதைக் காட்டும் பதிலுரை வரைவையும் கூடவே வையுங்கள். விஷயம் தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் மனுப் போட்டீர்கள் என்பதையும் நீதிபதி பார்ப்பார்.