பழைய தேவாலயத்துக்குள் அலுவலகம்: பீம்களைச் சுவரில் செருகலாமா? (கேள்வி-பதில்; ஒவ்வொன்றின் முன்னும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கல்வேலை: வட இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டுக் கல் தேவாலயம், கிரேடு 2 பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. வழிபாடு நின்றுவிட்டது. ஒரு டிசைன் நிறுவனத்தின் 40 பேருக்கு அலுவலகமாக்க வேண்டும். நடுக்கூடம் 22 × 9 மீட்டர், சராசரி உயரம் 10. உள்ளே பாதி உயரத்தில் போடும் இடைத்தளத்தின் பீம்களைச் சுவரில் செருகலாமா? குளிர், எதிரொலிக்கு என்ன வழி?

ஸ்டீல்கால்: சுவரைத் தொடாதீங்க. தன் கால்களிலேயே நிற்கும் ஸ்டீல் ஃபிரேம் போடுங்க. நாளைக்குக் கழற்றினாலும் கட்டடத்துக்குக் காயமில்லை, அனுமதியும் சுலபமாகும். நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட்டின் டொமினிகன் தேவாலயம் 2006இல் புத்தகக் கடையானபோது பல மாடி இரும்புப் புத்தக அடுக்கை ஒரு பக்கமாக நிறுத்தி, மறுபக்கத்தை முழு உயரத்துக்கும் திறந்து விட்டார்கள். அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பாரம் சதுர மீட்டருக்கு 250 கிலோ என்று கணக்கிடுங்க. அஸ்திவாரக் குழி தோண்டும் முன் தரைக்கடியில் கல்லறை இருக்கிறதா என்று பாருங்க. தீ விபத்தில் ஒரே திசையில்தான் வெளியேற முடியும் என்றால் 18 மீட்டர்தான் எல்லை. தளம் 22 மீட்டருக்கும் ஓடினால் இரண்டாவது படிக்கட்டு தேவைப்படும்.

வௌவால்கள் அங்கே சட்டப் பாதுகாப்புள்ளவை, கட்டடத்தில் தங்கியிருக்கின்றனவா என்ற ஆய்வை மறக்காதீங்க. மே முதல் செப்டம்பர் வரைதான் அவை வெளியே வருவதை எண்ண முடியும். தவறவிட்டால் வேலை அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.

ஈரச்சுவர்: குளிருக்கு முன் ஈரத்தைப் பாருங்க. பெரும்பாலும் அடைத்த மழைநீர்க் குழாய்தான் காரணம். பிறகு கற்களுக்கிடையே சிமென்ட் பூசிய இணைப்புகளைக் கையால் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புக் காரை வைங்க. தரைக்குப் பிளாஸ்டிக் ஷீட்டும் கான்கிரீட்டும் வேண்டாம். அடியில் தேங்கும் ஈரம் ஓரத்துக்கு ஒதுங்கிச் சுவரிலும் தூணிலும் ஏறும். அதற்குப் பதில் நுரைக்கண்ணாடிச் சல்லி (நுரைபோல் ஊதிய கண்ணாடித் துண்டுகள்), மேலே சுண்ணாம்புக் கான்கிரீட், அதற்குள் 35–45 டிகிரி வெந்நீர்க் குழாய். காற்றைச் சூடாக்கினால் அது கூரைக்குப் போய் நின்றுகொள்ளும். தரை மெதுவாகத்தான் சூடேறும் என்பதால் மீட்டிங் அறைகளைத் தனி மூடியுள்ள கண்ணாடிப் பெட்டிகளாக்கித் தனி ஹீட்டர் கொடுங்க. பழைய ஹீட்டிங் குழாய்களின் உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதிக்காமல் தரையைத் திறக்காதீங்க.

எதிரொலி: கன அளவு சுமார் 2,000 கன மீட்டர். எதிரொலி நேரம் (ஒலி அடங்க ஆகும் வினாடிகள்) = 0.161 × கன அளவு ÷ ஒலி உறிஞ்சும் பரப்பு. இப்போது 4 வினாடி என்றால் உறிஞ்சும் பரப்பு 80 சதுர மீட்டர்தான். 1 வினாடிக்கு 322 வேண்டும், அதாவது இன்னும் 242. படும் ஒலியில் 0.9 பங்கை உறிஞ்சும் பேனல் என்றால் சுமார் 270 சதுர மீட்டர். கூரைச் சட்டங்களுக்கு இடையிலும் இடைத்தளத்தின் அடியிலும் மாட்டுங்க. கூரைப் பலகையோடு ஒட்டாமல் காற்று போக இடைவெளி விடுங்க, இல்லாவிட்டால் பின்னால் ஈரம் கோத்து மரம் உளுத்துப்போவது கண்ணுக்கே தெரியாது.

கல்வேலை: பெஞ்சுகளை எடுக்கவும் அனுமதி வேண்டுமா?

ஸ்டீல்கால்: தரையோடு பொருத்தியவை என்றால் வேண்டும். வழிபாடு நின்றதும் இந்த அனுமதியிலிருந்து தேவாலயங்களுக்கு உள்ள விலக்கு போய்விடும், பட்டியல் கட்டட அனுமதி உள்ளூர் கவுன்சிலிடம்தான். அலுவலகப் பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம். இரண்டையும் சேர்த்தே போடுங்க.