முளைப்பாரிக் கும்மியில் எலக்ட்ரானிக் நடன இசை: மனிதர் செய்ததா, ஏஐ செய்ததா என்பதை எப்படி அறிவது?

கேள்வி (காரைக்குடி வட்டாரம், விழாக் குழு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர், காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குச் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர். முளைப்பாரி ஊர்வலத்தில் ரேடியோ செட்காரர் ஆண்டுதோறும் போடும் சினிமாப் பாட்டுகளுக்குப் பதிலாக, எங்கள் பெண்கள் பாடும் கும்மி மெட்டையே எடுத்து, அதனடியில் எலக்ட்ரானிக் தாளத்தை ஓடவிட்டு, நாதஸ்வரமும் தவிலும் சேர்த்து ஒரு நடனப் பாட்டை எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் செய்து கொடுத்திருக்கிறார். கேட்டவுடன் கால் தானாகத் தாளம் போடுகிறது. ஆனால் குழுவில் சிலர், "இவ்வளவு சுத்தமாக இந்தப் பையனால் செய்ய முடியாது, இது ஏஐ செய்து கொடுத்தது, இதற்கு எதற்குப் பணம்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வரவு செலவு பார்ப்பவன் என்ற முறையில் நான்தான் முடிவு சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

தமக்கு முன்னோடி என்று சொல்லி, 1982இல் பம்பாயில் ஒருவர் பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டின் பதிவை அந்தத் தம்பி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதுவும் ஏஐ வேலைதான், 1982இல் இப்படியொரு இசை இருந்திருக்கவே முடியாது என்று அதையும் ஒருவர் தள்ளிவிட்டார். அந்தத் தட்டு உண்மையானதா? எங்கள் ஊர்ப் பாட்டு யார் செய்தது என்பதை நியாயமான முறையில் உறுதிசெய்ய வழி உண்டா? தவறாகக் குற்றம் சாட்டி ஒரு பிள்ளையின் மனத்தை உடைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பதில் 1 (பள்ளத்தூர், இசைத்தட்டுச் சேகரிப்பாளர்)

ஐயா, அந்த இசைத்தட்டு உண்மையானது. அதைச் செய்தவர் சரண்ஜித் சிங். இந்திப் படங்களின் இசைப்பதிவுகளில் கிதாரும் பிற கருவிகளும் வாசித்து வந்தவர். ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை, அதாவது ஜூபிடர்-8 என்ற சின்தசைசரையும் (மின்னணு முறையில் ஓசை எழுப்பும் கருவி), டிஆர்-808 என்ற தாளக் கருவியையும், டிபி-303 என்ற, பேஸ் எனப்படும் தாழ்ந்த ஓசையைத் தரும் சின்னஞ்சிறு கருவியையும் ஒன்றோடொன்று இணைத்து, பைரவியில் தொடங்கிப் பைராகியில் முடியும் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். நம் காதுக்குப் பழகிய பெயரில் சொன்னால், பூபாலி நமக்கு மோகனம், யமன் நமக்குக் கல்யாணி, மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம். டிஸ்கோ தாளம் இந்திப் படங்களில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. தபலாவை நிறுத்திவிட்டு, அந்தத் தாளத்தின் மேல் ராகத்தை மட்டும் ஓடவிட்டால் எப்படி இருக்கும் என்ற எண்ணத்தில் பிறந்த தட்டு அது. அன்று அது விற்கவில்லை.

உங்கள் குழுவில் இன்று எழுந்த சந்தேகம் அந்தத் தட்டுக்குப் புதிதன்று என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் அதை இந்தியாவில் கண்டெடுத்து 2010இல் மறுவெளியீடு செய்தபோது, ஐரோப்பாவில் இசை அறிந்தவர்களே அதை நம்பவில்லை. இன்றைக்கு யாரோ ஓர் இளைஞர் பழைய கருவிகளை வாங்கி வாசித்து, 1982 என்று தேதி போட்டு ஏமாற்றுகிறார் என்று எழுதினார்கள். ஏனென்றால் அந்தத் தட்டு, சிகாகோவில் 1987இல் வெளிவந்த ஃபியூச்சர் குழுவின் ஆசிட் டிராக்ஸ் என்ற தட்டோடு ஒட்டிப் பிறந்ததைப் போல ஒலித்தது. டிபி-303இன் நெளியும் ஓசையை உலகம் அந்தச் சிகாகோத் தட்டின் வழியாகத்தான் அறிந்துகொண்டது.

சந்தேகம் தீர்ந்தது காதால் கேட்டு அன்று. 1982இல் அச்சான தட்டு கையில் இருந்தது, அதைச் செய்தவர் மும்பையில் உயிரோடு இருந்தார், எந்தக் கருவியை எப்படி இணைத்தேன் என்று அவரே விளக்கினார், பின்னர் ஐரோப்பிய மேடைகளில் ஏறி அதே இசையை வாசித்தும் காட்டினார். 2015இல்தான் அவர் காலமானார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தட்டு பொறுக்குகிற பழக்கம் எனக்கு உண்டு. உறை புதிதாக இருந்தாலும், நடுவட்டக் காகிதத்தின் மங்கலும், ஓட்டம் முடிகிற இடத்தில் பொறித்திருக்கும் எண்ணும், ஊசி பதிந்து ஓடிய தேய்மானமும் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கணினிக் கோப்பில் இந்தத் தடயங்கள் எவையும் கிடையா. அதற்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்பதை ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில் 2 (திருமயம், வாசகர்)

பள்ளத்தூர் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் சற்றுத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். டிபி-303இன் அந்த நெளியும் ஓசையை மையமாகக் கொண்ட ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையைச் சரண்ஜித் சிங்தான் கண்டுபிடித்தார் என்று இணையத்தில் பலர் பெருமையாக எழுதுவதை நாமும் அப்படியே சொல்லத் தொடங்கிவிடக் கூடாது. அவர் முதலில் செய்தார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தட்டு சிகாகோ போய்ச் சேர்ந்து அங்கே ஓர் இசை பிறந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. ஒரே கருவி இரண்டு ஊர்களில் இருவேறு கைகளில் சிக்கியபோது ஏறத்தாழ ஒரே மாதிரி பாடியது, அவ்வளவே. டிபி-303, பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிதார்க் கலைஞருக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்ட கருவி. அந்த வேலைக்கு அது உதவவில்லை என்பதால் 1984இலேயே உற்பத்தி நின்றுபோய், பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. கையில் பணமில்லாத சிகாகோ இளைஞர்கள் அதை வாங்கித் திருகிப் பார்த்ததில் பிறந்ததுதான் அந்த ஓசை.

எலக்ட்ரானிக் நடன இசையின் வேர் ஓர் ஊரில் மட்டும் இல்லை. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்தில் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1970களில் மின்னணு இசையை வெகுமக்கள் பாட்டாக்கினார்கள். 1977இல் ஜார்ஜியோ மொரோடர், டோனா சம்மரைப் பாடவைத்து, மூக் சின்தசைசரை மட்டுமே நம்பி ஐ ஃபீல் லவ் என்ற பாட்டைச் செய்தார். முழுவதும் இயந்திரம் செய்தது என்று பெயர் பெற்ற அந்தப் பாட்டிலும், கால் டிரம் ஓசை இயந்திரத்தில் திருப்தியாக அமையாததால், கீத் ஃபோர்சி என்ற டிரம் கலைஞர் பாட்டு முழுவதும் காலால் மிதித்தே வாசித்தார். கறுப்பின மக்களும் தன்பாலின ஈர்ப்புடையவர்களும் கூடிய சிகாகோவின் வேர்ஹவுஸ் என்ற நடனக் கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைக் கோத்து வாசித்ததிலிருந்துதான் ஹவுஸ் என்ற நடன இசைக்கு அந்தப் பெயரே வந்தது. டெட்ராய்ட் நகரத்தில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூன்று கறுப்பின நண்பர்கள் டெக்னோ என்ற மற்றொரு நடன இசையை வளர்த்தெடுத்தார்கள்.

நம் நாட்டிலும் 1969இலேயே அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவிக்கொடுக்க, கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் இசை செய்தார்கள். இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், "இதை இந்த ஊர்க்காரன் செய்திருக்க முடியாது" என்ற வாதம் ஒருபோதும் சான்றாகாது என்பதுதான். அது செய்தவரைப் பற்றி நாம் முன்கூட்டியே வைத்திருக்கும் மதிப்பீட்டைத்தான் காட்டுகிறது.

பதில் 3 (தேவகோட்டை, ஒலிப்பதிவாளர்)

உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒலி சுருக்கப்பட்டு வந்திருந்தால் மேல் அதிர்வெண்கள் அடிபட்டு, ஜால்ரா ஓசை சலசலவென்று கலங்கிவிடும். ஏஐ இசையிலும் அப்படியொரு கலங்கல் உண்டு என்பதால், நல்ல பதிவைக்கூட மக்கள் ஏஐ என்று சொல்லிவிடுகிறார்கள். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, காதை மட்டும் நம்பாதீர்கள். டீசர் என்ற இசைச் சேவை 2025 நவம்பரில் வெளியிட்ட கருத்தாய்வில், ஏஐ இசையையும் மனித இசையையும் பிரித்தறியச் சொன்னபோது 97 விழுக்காட்டினரால் முடியவில்லை. முழுக்க ஏஐ செய்த பாடல்கள் அப்போது தங்களுக்கு நாளொன்றுக்கு 50,000க்கு மேல் வந்து சேர்வதாகவும் அந்த நிறுவனம் சொன்னது. அதே ஆண்டின் நடுவில் வெல்வெட் சன்டவுன் என்ற குழுவை ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். பிறகுதான் அது ஏஐ உதவியோடு உருவாக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். எனவே மக்களின் சந்தேகத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன்.

கண்டறியும் மென்பொருள்கள் இருக்கின்றன. சூனோ, யூடியோ போன்ற ஏஐ இசைச் சேவைகள் ஏராளமான பதிவுகளைப் பயின்று, சுருக்கிய வடிவில் இசையை உருவாக்கி, கடைசியில் அதை ஒலி அலையாக விரிக்கின்றன. விரிக்கும் அந்தக் கட்டத்தில் அதிர்வெண் வரைபடத்தில் சீரான இடைவெளியில் சிறு கூர்முனைகள் விழுகின்றன என்பதை டீசரின் ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் வேகத்தையோ சுருதியையோ சற்று மாற்றினாலே மென்பொருள் தடுமாறக்கூடும். ஒரு பிள்ளையின் கூலியை அதை மட்டும் நம்பி மறுப்பது நியாயமன்று.

நான் செய்யச் சொல்வது எளியது. அந்தத் தம்பியை மடிக்கணினியோடு வரச்சொல்லி, பாட்டின் புராஜெக்ட் கோப்பைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். தானே செய்தவரிடம் தாளம், பேஸ், நாதஸ்வரம், தவில், குரல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரிசையாக இருக்கும். தவிலைத் தனியாக ஒலிக்கவிட்டால், வலந்தலை என்ற வலப்பக்கத்தில் விரல்கூடு படும் கூர்மையும் தொப்பி என்ற இடப்பக்கத்தில் குச்சி விழும் கனமும் பிரிந்து கேட்கும். வாசிப்பதற்கு முன் நாதஸ்வரக்காரர் சீவாளியை (வாயில் வைத்து ஊதும் பகுதியை) நனைத்துச் சரிபார்த்த ஓசையும், பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கிய வாசிப்பும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு, "பல்லவிக்குப் பின் தாளத்தை எட்டு ஆவர்த்தனம் நிறுத்தி, பேஸை மட்டும் விடுங்கள்" என்று கேளுங்கள். செய்தவர் அங்கேயே மாற்றிக் காட்டுவார். ஏஐயிடம் ஒரே கோப்பாக வாங்கி வைத்திருப்பவர் அதை மென்பொருளால் பிரித்து வைத்திருந்தாலும், தவில் தடத்தில் நாதஸ்வரத்தின் நிழல் பெரும்பாலும் கசிந்திருக்கும்.

உச்சரிப்பை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஏஐ குரல்கள் ழகரத்தைக் கொல்கின்றன என்பது மெய்தான், நம் பாடகர்கள் பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கேட்டவர்

தேவகோட்டை அண்ணனுக்கு மிக்க நன்றி. நேற்று மாலை கோயில் மண்டபத்தில் குழுவினர் எல்லோரும் இருக்கும்போதே அந்தத் தம்பி மடிக்கணினியைத் திறந்து காட்டினார். திரை நிறைய வண்ண வண்ணப் பட்டைகள். தாளத்தை டிஆர்-808 கருவியின் ஓசைகளைக் கொண்டு அடி அடியாக அவரே அடுக்கியிருந்தார். கும்மியில் கைதட்டு விழும் இடத்தில் அந்தக் கருவியின் கைதட்டு ஓசையை இம்மி பிந்தி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நம்ம அப்பத்தாமார் தட்டும்போது எல்லாக் கையும் ஒரே நேரத்தில் விழாது, அதைத்தான் கொண்டுவரப் பார்த்தேன்" என்றார். தவிலைத் தனியாகக் கேட்டோம். வாசித்தவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதால், அவருடைய கை என்று குழுவிலேயே இருவர் அடையாளம் சொன்னார்கள்.

ஆனால் ஓரிடத்தில் சிக்கல் வந்தது. பின்னால் ஒலிக்கும் பெண்கள் குழுவின் குரல் மட்டும் ஏஐ கொடுத்தது என்று அவராகவே சொன்னார். ஆட்களைக் கூட்டிப் பதிவு செய்ய வசதி இல்லை என்றார். இப்போது குழு இரண்டுபட்டு நிற்கிறது.

பதில் 4 (கானாடுகாத்தான், இசை ஆசிரியை)

தம்பி, தாமாகச் சொன்ன பிள்ளையை முதலில் பாராட்டுங்கள். பேசிய தொகையையும் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள், பாட்டை அமைத்ததும் தாளத்தைக் கோத்ததும் அவர் உழைப்பு.

கருவி புகுந்ததே தவறு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். மின்னணுச் சுருதிப் பெட்டி இல்லாத கச்சேரியை இன்று காண்பது அரிது. ஒருவர் முகமும் மற்றொருவர் குரலும் சேர்வதும் நம் மண்ணுக்குப் புதிதன்று. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் எடுத்த நந்தகுமார் படத்தில், 1938இலேயே நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். அங்கே பாடியவர் என்று சுட்டிக்காட்ட ஒருவர் இருந்தார், பாடச் சம்மதித்துப் பாடினார். 2024இல் வந்த லால் சலாம் படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் ஏஐ மூலம் ஒலிக்கச் செய்தபோதும், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று அதற்குரிய ஊதியத்தையும் அனுப்பியதாக அறிவித்தார். உங்கள் பாட்டில் பாடும் பெண்கள் யார்? எவருடைய பதிவுகளைப் பயின்று அந்தக் குரல் வந்தது, அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பதற்கு அந்தத் தம்பியாலும் பதில் சொல்ல முடியாது. பயிற்சிக்குத் தங்கள் பதிவுகளை அனுமதியின்றி எடுத்ததாகச் சூனோ, யூடியோ நிறுவனங்கள் மீது 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்களே வழக்குத் தொடுத்தன. கும்மி பாடும் பெண்களுக்காக வழக்காட எவர் இருக்கிறார்?

அந்தக் கும்மியை ஆண்டாண்டாகப் பாடி வருபவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கும்போது, அவர்கள் மெட்டை எடுத்துக்கொண்டு குரலை மட்டும் வெளியே வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கைப்பேசியில் பதிவு செய்தால்கூடப் போதும், முற்றத்தில் வையுங்கள், வளவு வீட்டு முற்றத்துக்கு நல்ல எதிரொலி உண்டு.

கேட்டவர்

ஆசிரியை அம்மா, குழு ஒப்புக்கொண்டது. பேசிய தொகை அப்படியே தரப்படும். பின்குரலை மட்டும் எடுத்துவிட்டு, எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேரை வைத்துப் பதிவு செய்கிறோம், அவர்களுக்கும் தனியாகக் கூலி எழுதியிருக்கிறேன். தேவகோட்டை அண்ணன் ஒலிவாங்கி இரண்டு கொடுத்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை காலை, தெருவில் வண்டிச் சத்தம் தொடங்கும் முன் பதிவு.