சூளூர்பேட்டை பெரிய வீடு (வாட்ஸ்அப் குழு)

கூடூர் அண்ணி: ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மாடில வாசிப்பு. 'ஆர்பிட்டல்' நாவல், 2024 புக்கர் பரிசு வாங்கினது. எத்தனை பேர் முடிச்சீங்க?

நகரி அத்தை: அன்னிக்குதானே சின்னவளுக்கு வளைகாப்பு

கூடூர் அண்ணி: அது காலைலதானே அத்தை

நகரி அத்தை: பந்தி முடியவே மூணு ஆவும்

குட்டி: 40 பக்கம் தாண்டிட்டேன். கதையே ஆரம்பிக்கல. மூடி வெச்சுட்டேன்

தடா மாமா: அங்கதான் நெறைய பேர் விடறாங்க. கதை வரும்னு காத்திருக்காத கண்ணு. விண்வெளி நிலையத்துல ஆறு பேரு, ஒரு நாளு, பூமிய பதினாறு சுத்து. அவ்ளோதான் நாவல். 400 கிலோமீட்டர் உயரத்துல ஒரு சுத்துக்கு சுமார் 92 நிமிஷம். ஒரு நாளோட 1440 நிமிஷத்தை அதால வகுத்துப் பாரு, பதினஞ்சரைக்கு மேல வரும். அத்தியாயத் தலைப்புல ஏறுமுகம், இறங்குமுகம்னு இருக்குல்ல, ஏறுமுகம்னா தெக்கேருந்து வடக்க. அத விட்டுட்டுப் படிச்சா எந்த நாட்டு மேல போறாங்கன்னே பிடிபடாது.

ஆரம்பாக்கம் சித்தி: மாமா சுருக்கமா 🙏

தடா மாமா: முக்கியமானதே இனிமேதான் மா. பக்கத்துல உலக உருண்டை வெச்சுக்கோங்க. அவங்க ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள பூமி 23 டிகிரி கிழக்கால திரும்பிடும். அடுத்த சுத்து அவ்ளோ மேற்க தள்ளிப் போவும். இப்ப நம்ம ஊர் மேல போனா, அடுத்த வாட்டி அரபிக்கடல். நாவல்ல வர்ற பிலிப்பைன்ஸ் புயல் ஒவ்வொரு தடவையும் வேற பக்கமா தெரியறது அதனாலதான்.

குட்டி: ஓ!! எழுதினதையே எழுதறாங்கனு நெனச்சேன்

புத்தூர் சித்தப்பா: புதன்கிழமை ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட்டு விடறாங்கன்றாங்க, நெசமா?

கூடூர் அண்ணி: அறிவிப்பு வரட்டும். அங்க பார்வையாளர் மாடத்துலருந்து பாக்கணும்னா முன்னாடியே பதியணும்

ஆரம்பாக்கம் சித்தி: மாமா அங்க ஈர்ப்பு இல்லாததாலதானே மிதக்கறாங்க

தடா மாமா: இருக்குமா. தரைல இருக்கறதுல பத்துக்கு ஒம்போது பங்கு அங்கயும் உண்டு. நிலையமும் ஆளும் சேந்தே விழுந்துட்டிருக்காங்க. செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல பக்கவாட்டுல ஓடறதால தரை எட்டறதில்ல. தினம் ரெண்டு மணி நேரம் உடற்பயிற்சி பண்ணலனா எலும்பு தேயும். தூங்கற எடத்துல காத்து ஓடணும், இல்லனா விட்ட மூச்சே மூஞ்சிய சுத்தி நிக்கும்.

நகரி அத்தை: வளையல் யாரு வாங்கறது

கூடூர் அண்ணி: சியே பகுதிய நான் சத்தமா படிக்கறேன்

ஆரம்பாக்கம் சித்தி: யாரு அது

கூடூர் அண்ணி: ஜப்பான்காரப் பொண்ணு. ஊர்ல அம்மா தவறிட்டாங்க. இவ மேல மாட்டிட்டிருக்கா

ஆரம்பாக்கம் சித்தி: ஐயோ. மொகம் கூட பாக்கலையா

நகரி அத்தை: வர முடிஞ்சும் துபாய்லருந்து வராதவங்க நம்ம வீட்லயே இருக்காங்க

புத்தூர் சித்தப்பா: அக்கா அத இப்ப எதுக்கு

தடா மாமா: அந்தப் பக்கங்கள அவசரமா தாண்டாதீங்க. அவ கதற மாட்டா. ஆய்வுக்கூட எலிங்களப் பாத்துப்பா, பட்டியல் எழுதுவா. தினம் மூணு சுத்து படிச்சா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும்.

குட்டி: பொஸ்தகம் ஒண்ணுதான் இருக்கு

கூடூர் அண்ணி: நாளைக்கு சித்தி வீட்ல குடுத்துடு. நேரம் ஆறு மணியா மாத்தலாமா?

குட்டி: இருட்டிடுமே

தடா மாமா: இருட்டட்டும். பொழுது சாஞ்ச கொஞ்ச நேரத்துலயும் விடியறதுக்கு முன்னாடியும்தான் நிலையம் கண்ணுக்குத் தெரியும். நமக்கு இருட்டு, அதுமேல வெயில். மினுக்காம நேரா ஓடும். அன்னிக்கு கடக்குதான்னு பாத்துச் சொல்றேன்.

நகரி அத்தை: ஆறுன்னா வரப் பாக்கறேன். வளையல் கேட்டேனே