பொருள்: ஆட்லர் இயலில் ஒரு சொல் மட்டும் நிற்கிறது

ஈரோடு, கல்லூரி ஆசிரியர்:

அவையோர்க்கு வணக்கம். இளங்கலை உளவியல் மாணவர்களுக்காக ஆல்ஃபிரட் ஆட்லர் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். 1911இல் ஃபிராய்டின் வட்டத்தை விட்டு விலகிய இந்த வியன்னா மருத்துவர், மனிதனை இயக்குவது பாலுணர்ச்சி அன்று, தன்னிடம் இருப்பதாக அவன் உணரும் குறையை ஈடுகட்டி மேலெழும் முயற்சியே என்றார். முதல் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றிய பின் அவர் முன்னிறுத்திய கருத்துத்தான் எனக்கு இடறுகிறது. ஜெர்மன் மொழியில் அது கெமைன்ஷாஃப்ட்ஸ்கெஃப்யூல்: மனிதக் கூட்டத்தில் தானும் ஒருவன், அதில் தனக்கு இடமும் பங்கும் உண்டு என்ற உணர்வு. இவ்வுணர்வு வளராத இடத்தில் மேலெழும் முயற்சி, பிறரை மிதித்து ஏறுவதாகத் திரிந்துவிடும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலத்தில் இதனைச் 'சோஷியல் இன்ட்ரஸ்ட்' என்று பெயர்க்க, நாம் அதைப் பார்த்துச் 'சமூக ஆர்வம்' என்று எழுதிவிட்டோம். மாணவர்களோ சமூக ஆர்வலர்களை நினைத்துக்கொள்கிறார்கள். வேறு சொல் வேண்டும்.

கோபிசெட்டிபாளையம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முதலில் எளியவற்றை முடித்துவிடுவோம். 'தாழ்வு மனப்பான்மை' என்பதை மாற்ற வேண்டியதில்லை. நம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்து கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கிய பெரியசாமித் தூரன் அந்தப் பெயரிலேயே நூல் எழுதியிருக்கிறார். ஆனால், எல்லா மனிதர்க்கும் இயல்பாக உள்ள குறையுணர்ச்சி வேறு, அதிலேயே ஒருவன் சிக்கி முடங்கிப்போவது வேறு என்று ஆட்லர் பிரிக்கிறார். முன்னதைத் 'தாழ்வுணர்வு' என்றும் பின்னதை மட்டும் 'தாழ்வு மனப்பான்மை' என்றும் வழங்குக. மேலெழும் முயற்சிக்கு வள்ளுவரே சொல் தந்திருக்கிறார்: 'உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்'. 'உயர்வுள்ளல்' என்று எழுதினால் 'உயர்வு மனப்பான்மை' என்ற நோய்க்கூறோடு குழம்பாது.

இனி, அவருடைய கொள்கையின் பெயரையே நாம் தவறாகச் சொல்லி வருகிறோம். 'தனிநபர் உளவியல்' என்றால் ஊரோடு ஒட்டாத ஒற்றை ஆளின் உளவியல் என்றாகிறது. 'தனிநபர்' என்று நாம் பெயர்த்த 'இண்டிவிஜுவல்' என்ற சொல்லுக்கு இலத்தீன் மூலத்தில் 'பகுக்க முடியாதது' என்பதே பொருள். மனிதனை நனவு, நனவிலி (அவன் அறியாமல் இயங்கும் மனப்பகுதி) என்று கூறுபோடாமல் முழுமையாகக் காண வேண்டும் என்பதற்காகவே ஆட்லர் அதனை வைத்தார். சீனாபுரத்துக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் பவணந்தியார், நன்னூல் பதவியலில் பகுபதம், பகாப்பதம் என்று வகுத்திருக்கும்போது 'பகா உளவியல்' என்பதற்கு என்ன தடை?

நீங்கள் கேட்ட சொல்லுக்கு என் விடை 'ஒப்புரவு'. 'ஒத்த தறிவான் உயிர்வாழ்வான் மற்றையான் செத்தாருள் வைக்கப் படும்' என்ற குறளை ஆட்லர் படித்திருந்தால் தம் நூலின் முகப்பில் பொறித்திருப்பார். சிலர் இதனை ஒப்பு + உறவு என்று பிரிக்கிறார்கள், அது பிழை. இங்கே நிற்பது இடையின ரகரம். 'உரவு' என்பதற்கு வலிமை, அறிவு என்று பொருள் உண்டு. உரவோன் என்ற சொல்லை நோக்குக. ஆகவே ஒத்து வாழ்தலை அறியும் அறிவின் வலிமையே ஒப்புரவு என்பது என் துணிபு. இரவு, கரவு, விரவு, பரவு ஆகியவற்றோடு இதனை ஒப்பிட்டுத் தனிமடல் ஒன்று எழுதுகிறேன்.

கருமத்தம்பட்டி, மொழிபெயர்ப்பாளர்:

தனிமடலுக்குக் காத்திருக்கிறோம் ஐயா. ஆனால், எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் ஒப்புரவு என்றால் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது. ஒப்புரவு அருட்சாதனம் என்றுதான் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது. பரிமேலழகரும் அதனை உலகநடை என்றே விளக்குகிறார். குறளின் 'ஒப்புரவறிதல்' அதிகாரம் ஊருணியையும் பயன்மரத்தையும் காட்டிச் செல்வர் கொடுப்பதைப் பேசுகிறதே ஒழிய, கொடுக்க ஒன்றுமில்லாதவனும் 'நான் இவர்களில் ஒருவன்' என்று உணர்வதைப் பேசவில்லை. 'பகா உளவியல்' என்று தலைப்பிட்டால் பகா எண்ணைப் படித்த பிள்ளைகள் கணக்குப் பாடம் என்று நினைப்பார்கள். எல்லோருக்கும் புரியும் 'சமூக உணர்வு' என்பதையே எழுதிவிட்டுப் போகலாம்.

திருப்பூர், பள்ளி மனநல ஆலோசகர்:

'சமூக உணர்வு' எல்லோருக்கும் புரியும் என்பதுதான் என் அச்சம். நம் பக்கத்தில் 'உங்கள் சமூகம் எது' என்று கேட்டால் என்ன விடை வரும் என்பது இக்குழுவில் எல்லோருக்கும் தெரியும். கல்லூரி விடுதி ஒன்றில் பேசும்போது இதே சொல்லைப் பயன்படுத்தினேன். முன்வரிசையில் இருந்த மாணவர் மிகுந்த பெருமையோடு, தமக்கு அது நிறைய உண்டு என்று சொல்லி, வெளியே நின்ற தம் வண்டியின் முகப்பில் ஒட்டியிருந்த சங்கக் கொடியைக் காட்டினார். ஆட்லர் குறித்தது இதற்கு நேர் எதிரானது. ஒரு குழு மற்றொரு குழுவை விட உயர்ந்தது என்று காட்டத் துடிப்பதை அவர், தாழ்வுணர்வை மூடி மறைக்கும் முயற்சியாகவே பார்த்திருப்பார். அவர் மனத்தில் இருந்தது மனித குலம் முழுவதும். சாதியின் மறுபெயராகிவிட்ட ஒரு சொல்லை, அதைக் கடக்கச் சொல்லும் கருத்துக்குப் பெயராக வைத்தால், பாடநூலே மாணவருக்குத் தவறான தெம்பைக் கொடுத்துவிடும்.

நான் நாள்தோறும் பெற்றோர் வாயிலிருந்து கேட்கும் சொல் ஒன்று இருக்கிறது. 'பையன் யாரோடும் ஒட்டுறவே இல்லாமல் இருக்கிறான்' என்பார்கள். மதிப்பெண் குறைந்ததை விட அதைத்தான் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். 'ஒட்டுறவுணர்வு' என்று வைத்தால் யாரும் அகராதியைத் தேட வேண்டியதில்லை.

கோபிசெட்டிபாளையம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சமூகம் பற்றி அம்மா கூறியதை மறுக்க இயலாது. ஆயினும் ஒட்டுதல் என்பது ஒட்டுமாங்கன்று போல இரு வேறு பொருள்களைப் புறத்தே இணைப்பது. ஆட்லரோ அவ்வுணர்வு ஆற்றலாகப் பிறப்பிலேயே உண்டு, வளர்க்கப்பட வேண்டும் என்கிறார். 'உறவு' என்பதும் நம் ஊரில் ஒறம்பரையைத்தானே குறிக்கிறது? சாதியை விட்டு வெளியே வந்து சுற்றத்துக்குள் புகுந்துகொள்கிறோம். வேண்டுமானால், மக்கள் கூட்டம் முழுவதையும் குறிக்கும் 'மன்பதை' என்ற சொல்லை வைத்து 'மன்பதை உணர்வு' என்க.

பல்லடம், முதுகலை மாணவர்:

'மன்பதை' எங்களுக்குப் புரியாது ஐயா. 'கூட்டுணர்வு' என்று நான் எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் அடுத்த இயலில் உளவியலாளர் யுங்கின் 'கூட்டு நனவிலி' வருகிறது, தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதிவிடுவோம். சுற்றத்தைப் பற்றிய தடைக்கு ஒரு விடை தோன்றுகிறது. 'யாவரும் கேளிர்' என்று பூங்குன்றனார் பாடியபோது 'கேளிர்' என்பதும் சுற்றத்தைக் குறித்த சொல்லாகத்தானே இருந்தது? 'உறவு' என்பதையும் அவ்வாறே விரித்துக்கொள்ளலாகாதா?

ஈரோடு, கல்லூரி ஆசிரியர்:

தம்பியின் விடையோடு நிறுத்திக்கொள்கிறேன். அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார்கள். தாழ்வுணர்வு, தாழ்வு மனப்பான்மை என்ற பிரிப்பை அப்படியே ஏற்கிறேன். உயர்வுள்ளலும் இடம்பெறும். கொள்கையின் பெயர் 'தனிநபர் உளவியல்' என்றே நிற்கும். 'பகா' என்ற விளக்கம் அடிக்குறிப்பாகும். இயல் முழுவதும் 'ஒட்டுறவுணர்வு' என்று எழுதி, வினாத்தாள் இன்னும் மாறவில்லை என்பதால் முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'சமூக ஆர்வம்' என்று தருகிறேன். மறுப்பவர்கள் இன்றிரவுக்குள் எழுதுக.

கருமத்தம்பட்டி, மொழிபெயர்ப்பாளர்:

மறுப்பில்லை. களைப்பு மட்டுமே.

கோபிசெட்டிபாளையம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் மறுப்பைப் பதிவு செய்க. நான் ஒப்புரவு என்றே எழுதுவேன். தவிர, உறவு என்பதன் ஈறு குற்றியலுகரம் அன்று, முற்றியலுகரம். உறவு + உணர்வு 'உறவுணர்வு' ஆவதற்கு முற்றியலுகரமும் சில இடங்களில் அவ்வாறே கெடும் என்னும் 'முற்றும் அற்று ஒரோவழி' என்ற நன்னூல் விதியைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். அந்த 'ஒரோவழி' இங்கே பொருந்துமா என்பதை யாரும் இதுவரை ஆராயவில்லை.