புதுப்பிப்பு: பட்டப்படிப்போடு நிறுவனப் பயிற்சி, முதல் பருவம் முடிந்தது

கணக்கியல் பட்டப்படிப்புக்கு இடையிடையே தணிக்கை நிறுவனத்தில் பயிற்சியும் தரும் திட்டத்தில் சேரலாமா, படிப்பு பின்தங்கிவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். முதல் பயிற்சி முடிந்து வகுப்புக்குத் திரும்பியிருக்கிறேன்.

படிப்பு பின்தங்கவில்லை, ஆழமானது. வருவாயைக் கணக்கில் பதிவதற்கான ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலையின் ஐந்து படிகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள் நான். பயிற்சியில் என்னிடம் தந்தது ஆண்டு இறுதியை ஒட்டிய விற்பனைகள். ஒன்றில் விலைப்பட்டியலின் (இன்வாய்ஸ்) தேதி ஆண்டு முடிவுக்கு முன்னால், சரக்கு அனுப்பிய சீட்டின் தேதி பின்னால். இந்த வருவாய் எந்த ஆண்டுக்கு உரியது? ஒப்பந்தத்தைத் தேடியெடுத்து, சரக்கின் மீதான கட்டுப்பாடு வாங்குபவருக்கு எப்போது மாறுகிறது என்று வரி வரியாகப் படித்தபோதுதான், வருவாயை எப்போது பதிய வேண்டும் என்று சொல்லும் ஐந்தாவது படி எனக்கு உண்மையில் விளங்கியது. அந்த மாலை எனக்கு மறக்காது.

நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல்களும் நிறையப் பார்த்தேன்.

சிரமம் நேரம்தான். தணிக்கை நெருக்கும் வாரங்களில் பாடப்புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை.

சேர நினைப்பவர்கள் இரண்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கணக்காளருக்கான தொழில்முறைத் தேர்வில் எந்தத் தாள்களுக்கு இந்தப் பட்டம் விலக்குப் பெற்றுத் தரும்? பயிற்சிக்காலம் அந்தத் தொழில்முறைத் தகுதிக்கான அனுபவத்தில் சேருமா? இரண்டாவதை நான் தாமதமாகத்தான் கேட்டேன். சேரும் என்ற பதில் வரும்வரை தூக்கமில்லை.

அடுத்த பயிற்சியில் வரிப் பிரிவு கேட்டிருக்கிறேன்.